இரண்டு அந்தப் பக்கம், இரண்டு இந்தப் பக்கம்

சென்ற இதழில் ஃபொஹோ முதலான வடகிழக்கு பிரேசிலின் ஆட்டப் பாட்டுகளைப் பற்றி இரண்டு பக்கம் எழுதியிருந்தேன். அதற்கு இவ்வளவு கேள்விகள் வரும் என்று ஆசிரியரும் நினைக்கவில்லை, நானும் நினைக்கவில்லை. அதைப் படிக்காதவர்களுக்காக ஒரு வார்த்தை: நான் காற்றாலை கியர்பாக்ஸ் பழுது பார்க்கிறவன். பெர்னாம்புகோ மாநிலத்தில் கரன்யுன்ஸ் என்ற மலையூரில் ஆறு வருஷம் வேலை பார்த்தேன். சங்கீதம் படித்தவன் இல்லை. காதில் விழுந்ததையும் காலில் பட்டதையும் வைத்துத்தான் பதில் சொல்கிறேன்.

பிரேசில் என்றாலே சம்பாதான் என்று கேள்விப்பட்டிருக்கிறோம். நீங்கள் சொல்லும் ஃபொஹோ அதில் ஒரு வகையா?

அதில் வகை இல்லை, அது வேறு வீடு. ரியோவிலிருந்து நான் இருந்த ஊருக்குச் சாலை வழியாகப் போனால் 2,000 கிலோமீட்டருக்கு மேல். ரியோவின் சம்பாவில் தாளவாத்தியக்காரர்கள் கூட்டமாக நிற்பார்கள். ஃபொஹோவுக்கு மூன்றே பேர் போதும். ஒருவர் அக்கார்டியன் வாசிப்பார், அதை அங்கே சன்ஃபோனா என்பார்கள். இன்னொருவர் தோளில் ஸபும்பா என்ற பெரிய முரசு தொங்கும். மூன்றாமவர் கையில் ஓர் இரும்பு முக்கோணம். மைக் இல்லாமலேயே ஒரு கொட்டகை நிறைய ஆட்களை விடியும்வரை ஆடவைத்துவிடுவார்கள்.

நான் முதலில் கேட்டது அந்த முக்கோணத்தைத்தான். ரெசிஃபே நகரில் இறங்கிய முதல் வாரம். மத்தியான வெயிலில் தெருவிலிருந்து 'டிக டிக டிங்க் டிக' என்று சத்தம். பாட்டுக் கச்சேரி என்று ஜன்னலுக்கு ஓடினேன். தோளில் உயரமான தகர டப்பா மாட்டிய ஓர் ஆள், தின்பண்டம் விற்றுக்கொண்டு போகிறார். கவாக்கு ஷினேஸ் என்று பெயர். காகிதம் போல மெல்லிசாக, வாயில் வைத்தால் நொறுங்கும் இனிப்பு. கூவி விற்பதற்குப் பதில் முக்கோணத்தைத் தட்டுகிறார். வாங்கித் தின்றேன். பிறகு ஒரு நடனக் கொட்டகையில் அதே சத்தத்தை மூவர் குழுவில் கேட்டபோது 'இனிப்புக்காரர் இங்கே எங்கே வந்தார்' என்றுதான் முதலில் தோன்றியது. பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. 'அங்கிருந்துதான் வந்தது. லூயிஸ் கொன்ஸாகா இந்த இனிப்புக்காரன் கையில் பார்த்துத்தான் தன் குழுவில் சேர்த்தார்' என்றார். ஃபொஹோவின் பெரிய பாடகரான கொன்ஸாகாவே அப்படிச் சொல்லியிருக்கிறார் என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

ஒன்று கவனியுங்கள். ஃபொஹோ என்பது ஒரே தாளத்தின் பெயர் இல்லை. பையாவ், ஷோத்தி, ஷஷாது, அஹஸ்தா-பெ என்று பல ஆட்டங்களுக்குப் பொதுப்பெயர். ஆடுகிற இடத்துக்கும் அதே பெயர், ஆடுகிற ராத்திரிக்கும் அதே பெயர். 'ஃபொஹோவில் ஃபொஹோ ஆடப் போன ஃபொஹோ நன்றாக இருந்தது' என்று சொன்னாலும் அங்கே யாரும் திருத்தமாட்டார்கள்.

அந்தப் பெயர் 'ஃபார் ஆல்' என்ற ஆங்கிலத்திலிருந்து வந்ததாமே? ரயில்வே கட்டிய வெள்ளைக்காரர்கள் 'எல்லோரும் வரலாம்' என்று பலகை வைத்தார்களாம்.

எனக்கும் முதல் மாதமே மூன்று பேர் இந்தக் கதையைச் சொன்னார்கள். ஒருவர் ரயில்வே கம்பெனி என்றார். இன்னொருவர் இரண்டாம் உலகப்போரில் நத்தால் நகரில் இருந்த அமெரிக்க விமானத்தளம் என்றார். மூன்றாமவர் இரண்டையும் சேர்த்துச் சொன்னார். அழகான கதை, ஆனால் கதைதான். கூச்சலும் கும்மாளமுமான ஆட்டத்துக்கு 'ஃபொஹோபொதோ' என்ற சொல் அதற்கு முன்பே புழக்கத்தில் இருந்தது. ஷிக்கின்யா கொன்ஸாகா என்ற பெண் இசையமைப்பாளர் இசையமைத்த, அதே தலைப்புள்ள நாடகம் 1912-இல் ரியோவில் மேடையேறியது. அமெரிக்கச் சிப்பாய்கள் நத்தாலுக்கு வந்தது அதற்கு முப்பது வருஷம் கழித்து. பெயரின் பின்பாதி உதிர்ந்துபோய் ஃபொஹோ மிஞ்சியது. (எழுத்தில் இரண்டு 'ர' இருக்கும், வாயில் 'ஹ' வரும். ரெசிஃபேயையே ஊர்க்காரர்கள் 'ஹெசீஃபி' என்கிறார்கள். எனக்கு ஒரு வருஷம் பிடித்தது.)

ஷிக்கின்யா கொன்ஸாகாவும் லூயிஸ் கொன்ஸாகாவும் உறவா?

இல்லை. லூயிஸின் அப்பா பெயரில் கொன்ஸாகாவே கிடையாது. 1912 டிசம்பர் 13, புனித லூசியாள் திருநாளில் பிறந்ததால் லூயிஸ். புனித லூயிஸ் கொன்ஸாகா நினைவாகக் கொன்ஸாகா. இயேசு பிறந்த மாதம் என்பதால் 'பிறப்பு' என்று பொருள்படும் நசிமென்த்தோ. இப்படிக் காரணம் சொல்லிச் சொல்லிப் பெயர் வைத்துவிட்டார்கள்.

அவரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லுங்களேன். சென்ற இதழில் பெயரை மட்டும் சொல்லிவிட்டுத் தாண்டிவிட்டீர்கள்.

தாண்டியது தப்புதான். பெர்னாம்புகோவின் உள்கோடியில் எஷு என்று ஒரு சிற்றூர். அந்த வறண்ட உள்நாட்டுப் பகுதிக்கு செர்த்தாவ் என்று பெயர். மழை வந்தால் வரும், வராவிட்டால் வருஷக்கணக்கில் வராது. லூயிஸின் அப்பா ஜனுவாரியோ விவசாயி. கூடவே அக்கார்டியன் பழுது பார்ப்பார், இடதுகைப் பக்கம் கனத்த சுரத்துக்கு எட்டு பாஸ் பொத்தான் உள்ள சின்ன அக்கார்டியன் வாசிப்பார். பையன் அப்பாவின் பட்டறையில் கற்றுக்கொண்டான். பதினேழு வயதில் ஒரு பெண்ணைக் காதலித்து, பெண்ணின் அப்பாவோடு தகராறு. அம்மா கையால் செமத்தியாக அடி வாங்கிக்கொண்டு, 1930-இல் வீட்டைவிட்டு ஓடிப்போய் ராணுவத்தில் சேர்ந்துவிட்டான்.

1939-இல் ராணுவத்தைவிட்டு ரியோவில் இறங்கியபோது கையில் ஓர் அக்கார்டியன் மட்டும். துறைமுகப் பக்கத்து மாங்கி பேட்டையில் மதுக்கடை மதுக்கடையாகப் போய் டாங்கோ, வால்ட்ஸ், ஃபாக்ஸ்ட்ராட் என்று ஊருக்கு எது பிடிக்குமோ அதை வாசித்தார். ஒருநாள் சியரா மாநிலத்திலிருந்து படிக்க வந்த மாணவர்கள் சிலர், 'இதெல்லாம் வேண்டாம், நம்ம பக்கத்துப் பாட்டு ஒன்று வாசி' என்றார்கள். அவருக்கு அது கிட்டத்தட்ட மறந்தே போயிருந்தது. உட்கார்ந்து விரலுக்கு ஞாபகம் வரவழைத்து வாசித்தார். கடையே எழுந்துகொண்டது. அதே மெட்டை அரி பஹோசோவின் வானொலிப் புதுமுகப் போட்டியில் வாசித்து முழு மதிப்பெண் வாங்கினார். 1941-இல் இசைத்தட்டு வந்தது.

அதற்குப் பிறகு உம்பெர்த்தோ தெய்ஷெய்ரா என்ற சியராக்கார வழக்கறிஞரோடு கூட்டுச் சேர்ந்தார். இரண்டு பேரும் ரியோவில் உட்கார்ந்து, ஊரில் வயோலா என்ற கிட்டார் வகையை வாசித்துப் பாடுகிறவர்கள் இரண்டு பாட்டடிகளுக்கு நடுவே தட்டிக்கொண்டிருந்த ஒரு சின்னத் தாளத்துணுக்கை எடுத்து, நீட்டி, முழுப்பாட்டாக்கினார்கள். 1946-இல் 'பையாவ்' என்ற பாட்டு வந்தது. 1947 மார்ச்சில் 'ஆஸா பிராங்கா' பதிவானது. பிரேசிலில் அது தெரியாதவர்களைத் தேடித்தான் பிடிக்கவேண்டும்.

'ஆஸா பிராங்கா' என்றால் என்ன அர்த்தம்? சந்தோஷப் பாட்டு மாதிரியும் இருக்கிறது, அழுகை மாதிரியும் இருக்கிறது.

வெள்ளைச் சிறகு. அது ஒரு புறா வகை. உட்கார்ந்திருக்கும்போது சாம்பல் நிறமாகத்தான் தெரியும். பறக்கும்போது சிறகில் ஒரு வெள்ளைக் கோடு பளிச்சென்று விரியும். காற்றாலை உச்சியிலிருந்து கீழே பார்க்கையில் அந்தக் கோட்டை வைத்துத்தான் நான் அதை அடையாளம் கண்டேன். கடைசிவரை ஊரைவிட்டுப் போகாத பறவை என்பார்கள். அதுவே வறட்சி தாங்காமல் பறந்துவிட்டது, நானும் போகிறேன், மழை பெய்தால் திரும்பி வருவேன் என்று ஒருவன் தன் ரொசின்யாவிடம் சொல்வதுதான் பாட்டு. ஆடிக்கொண்டே கேட்கிற பாட்டு. அங்கே துக்கத்தை உட்கார்ந்து கேட்கிற வழக்கம் குறைவு.

ரியோவில் உட்கார்ந்து வானொலிக்காகச் செய்த பாட்டு என்கிறீர்கள். பிறகு எப்படி அதை 'மரபு' என்கிறீர்கள்? இது சினிமாப் பாட்டை நாட்டுப்புறப் பாட்டு என்று சொல்வது போல இல்லையா?

வந்த கேள்விகளில் எனக்கு ரொம்பப் பிடித்தது இது. முன்பு நானும் இதே சந்தேகத்தை ஒரு ஸபும்பாக்காரரிடம் கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

வானொலிக்கு முன்பும் அங்கே பாட்டு இருந்தது. கருவாரு பக்கம் மூங்கில் குழல்களும் முரசும் வைத்த பீஃபனு குழுக்கள் திருவிழாவில் சாமி முன்பும் வாசிக்கும், ஆட்டத்துக்கும் வாசிக்கும். மூவர் குழுவின் ஸபும்பா அங்கிருந்து வந்ததுதான். 1938-இல் எழுத்தாளர் மாரியோ தி அந்திராதி முன்னின்று சாவ் பாவ்லோ நகராட்சியின் பண்பாட்டுத் துறை மூலம் நான்கு பேரை ஒலிப்பதிவுக் கருவியோடு வடகிழக்குக்கும் வடக்குக்கும் அனுப்பினார். ஊர் ஊராகப் போய்ப் பதிந்த இசைத்தட்டுகள் இன்றும் சாவ் பாவ்லோவில் இருக்கின்றன. கொன்ஸாகா புகழ்பெறும் முன்பே பதிவானவை. அவற்றில் சிலதைக் கேட்டால் பையாவின் எலும்பு தெரியும், சதை தெரியாது.

சதை போட்டது ஊரைவிட்டுப் போனவர்கள். வறட்சிக்குப் பயந்து லாரிகளின் பின்பக்கம் பலகையில் வரிசையாக உட்கார்ந்து லட்சக்கணக்கில் தெற்கே போனார்கள். அந்த லாரிக்கு 'கிளியின் கொம்பு' என்று பொருள்படும் பவ்-தி-அராரா என்று பெயர். பலகையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது கொம்பில் கிளி உட்கார்ந்த மாதிரி இருக்குமாம். அவர்களுக்கு வானொலியில் ஊர் கேட்டது. ஊரிலேயே இருந்தவனுக்கு எதற்கு ஊர்ப்பாட்டு? கொன்ஸாகா மேடையில் போட்ட தோல் தொப்பியும் செர்த்தாவின் கொள்ளைக்காரர்கள் போட்டதுதான். அதையே ரியோவின் விளக்கு வெளிச்சத்தில் போட்டதும், பார்த்த ஊர்க்காரர்கள் நெஞ்சை நிமிர்த்தினார்கள்.

ஆனால் அவரை ஊர் அப்படியே தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடிவிடவில்லை. பதினாறு வருஷம் கழித்து 1946-இல் எஷுவுக்குத் திரும்பினார். கையில் 120 பாஸ் பொத்தான் வைத்த பளபளக்கும் அக்கார்டியன். ஊர்ப் பெரியவர்கள் பார்த்துவிட்டு, 'உன்னிடம் நூற்றிருபது இருக்கலாம், அப்பனின் எட்டுக்கு மரியாதை கொடு' என்கிற தினுசில் கேட்டதை அவரே பாட்டாக்கிப் பாடினார். தன்னை மட்டம்தட்டியதையே தட்டில் பதிந்து நாடு முழுக்க விற்றவர். ஸபும்பாக்காரர் என்னிடம் சொன்னதும் இதைத்தான்: 'எட்டு பாஸும் எங்களுடையது, நூற்றிருபது பாஸும் எங்களுடையது. நீ எதற்கு நடுவில் கோடு போடுகிறாய்?' 2021 டிசம்பரில் பிரேசிலின் தேசியப் பாரம்பரிய நிறுவனம் ஃபொஹோவின் மரபு வேர்களைப் பண்பாட்டுச் சொத்தாக அறிவித்தது. அதற்கு முன்பே 2005-இல் சட்டம் போட்டு, கொன்ஸாகாவின் பிறந்த நாளான டிசம்பர் 13-ஐ தேசிய ஃபொஹோ நாள் ஆக்கிவிட்டார்கள்.

தாளத்தை எழுத்தில் புரியவைக்க முடியுமா? மிருதங்கம் கற்கிறேன்.

உங்களுக்கென்றால் சுலபம். பையாவின் அடியில் ஓடுவது 'தகிட தகிட தக'. மூன்று, மூன்று, இரண்டு. மொத்தம் எட்டு. ஸபும்பாவின் கனத்த அடி ஒன்றில் விழும், நான்கில் விழும். நான்காவதைச் சற்றே திறந்து விடுவார்கள், அது தரையில் உருளும்.

ஸபும்பா தோளிலிருந்து சாய்வாகத் தொங்கும். மேல் தோலை வலதுகை குண்டு முனைக் கோலால் அடிக்கும். கீழ்த்தோலை இடதுகை ஒரு மெல்லிய குச்சியால் சொடுக்கும். அந்தக் குச்சிக்கு பக்கல்யாவு என்று பெயர்; உப்புக் கருவாட்டு மீனின் பெயர். புதிதாகக் கேட்கிறவர்கள் மேல் தோலை மட்டும் கேட்பார்கள். நானும் அப்படித்தான். பாட்டு ஓடுவது கீழே. குச்சி இடைவெளிகளில் 'டக்' 'டக்' என்று கேள்வி கேட்டுக்கொண்டே இருக்கும். முக்கோணம் நாலு நாலாக 'மூடி, மூடி, திறந்து, மூடி' என்று போகும். விரல்களை இரும்பின்மேல் வைத்தால் மூடல், எடுத்தால் திறப்பு. பார்க்கப் பொடிசாகத் தெரியும். ஐந்து நிமிஷம் விடாமல் வாசித்துப் பாருங்கள், மணிக்கட்டு என்ன ஆகிறதென்று.

சில மெட்டுகளில் ஏதோ ராகச் சாயல் அடிக்கிறது. என் காது பொய் சொல்கிறதா?

இல்லை. நான் படித்தவன் இல்லை என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். பாட்டு டீச்சரான என் அக்காவிடம் போனில் வாசித்துக் காட்டிக் கேட்டது இது. அங்கே 'வடகிழக்கு ஸ்கேல்' என்று சொல்வதன் சுரங்கள் நம்முடைய வாசஸ்பதியோடு பொருந்துகின்றன: பிரதி மத்யமம், கைசிகி நிஷாதம். மத்யமம் சுத்தமாக வந்தால் ஹரிகாம்போதி. இரண்டும் மாறிமாறி ஒரே பாட்டில் வரும். சுரம் ஒன்றே தவிர நடை வேறு, கமகத்தைத் தேடாதீர்கள். இது எங்கிருந்து வந்தது என்று அங்கே சண்டை ஓயவில்லை. வட ஆப்பிரிக்க முஸ்லிம்களான மூர்கள் வழியாக ஐபீரியா, அதாவது ஸ்பெயின்-போர்ச்சுகல் பக்கம், என்பார் ஒருவர், பழைய தேவாலயப் பாட்டு என்பார் இன்னொருவர். அக்கா 'நல்லா இருக்கு, போனை வை, க்ளாஸ் இருக்கு' என்றாள்.

எனக்கு ஆடத் தெரியாது, வயது 52. கேட்டு மட்டும் ரசித்தால் போதாதா?

போதும். ஆனால் நான் அப்படிச் சொல்லிக்கொண்டிருந்த ஆள் என்பதால் நடந்ததைச் சொல்கிறேன்.

நான் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரம்மாவுக்கு எழுபது இருக்கும். சனிக்கிழமை ராத்திரி ஊருக்கு வெளியே ஒரு கொட்டகைக்கு அழைத்துப்போனார். சிமென்ட் தரை, ஓலைக்கூரை, மேடைகூட இல்லை. மூன்று பேர் நாற்காலி போட்டு மூலையில் வாசிக்கிறார்கள். நான் சுவரோரம் நின்றேன். ஷோத்தி ஆரம்பித்தது. அது மெதுவான ஆட்டம். ஐரோப்பாவின் ஷாட்டிஷ் என்ற ஆட்டம் கடல் தாண்டி வந்து, பெயரும் நடையும் இளகிப்போனது. அந்தம்மா கையை நீட்டினார். 'தோய்ஸ் ப்ரா லா, தோய்ஸ் ப்ரா கா. இரண்டு அந்தப் பக்கம், இரண்டு இந்தப் பக்கம். வேறொன்றும் இல்லை, மெவ் ஃபிலியு' என்றார். அப்படியென்றால் 'என் பிள்ளாய்'.

கால் நகரவில்லை. பதற்றத்தில் என்றுதான் நினைத்தேன். அவர் குனிந்து பார்த்துவிட்டு ஒரு சத்தம் போட்டார். நான் வேலையிலிருந்து நேராக வந்திருந்தேன். காலில் ரப்பர் அடி வைத்த பாதுகாப்பு பூட்ஸ். ஏணியில் வழுக்காமல் இருக்கச் செய்தது, தரையைக் கவ்விப் பிடிக்கும். இந்த ஆட்டத்திலோ காலைத் தூக்கவே கூடாது, தேய்க்கவேண்டும். அஹஸ்தா-பெ என்ற பெயருக்கே 'காலை இழு' என்றுதான் அர்த்தம். பூட்ஸைக் கழற்றச் சொன்னார். காலுறையோடு ஆடினேன். ஒன்று, இரண்டு என்று நான் வாய்க்குள் எண்ணுவது அவருக்குக் கேட்டிருக்கவேண்டும். என் முதுகில் வைத்திருந்த இடதுகை விரல்களால் தோள்பட்டை எலும்பில் தட்ட ஆரம்பித்தார். முரசின் கனத்த அடியை இல்லை, கீழ்த்தோல் குச்சியின் அடியை. இரண்டு பாட்டு முடிவதற்குள் எண்ணுவது நின்றுவிட்டது. பக்கல்யாவு என்ற ஒன்று இருப்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது, அதுவும் முதுகு வழியாக.

52 எல்லாம் ஒரு வயதா? கொட்டகையில் உங்களை 'பையன்' என்றுதான் கூப்பிடுவார்கள்.

சென்ற இதழில் ஜாக்சன் என்றும் ஒரு பாடகர் பெயர் சொன்னீர்களே, அமெரிக்கரா?

பரயீபா மாநிலத்தில் அலகோவா கிராண்டேயில் 1919-இல் பிறந்தவர், நிஜப்பெயர் ஜொசே கோமிஸ் ஃபில்யு. சின்ன வயதில் ஜாக் பெரின் நடித்த கௌபாய் படங்கள் மேல் பைத்தியம், அதனால் ஜாக். அது பிறகு ஜாக்சன் ஆயிற்று. அம்மா கோக்கு பாடுகிறவர். கோக்கு என்பது கைதட்டியும் காலால் தரையைத் தட்டியும் பாடும் கடலோர ஆட்டம். தேங்காய் உடைக்கிற வேலையிலிருந்து வந்தது என்பார்கள். பையனுக்கு அக்கார்டியன் ஆசை, வாங்க வசதியில்லை. அம்மா பன்தெய்ரோ வாங்கிக் கொடுத்தார். கஞ்சிரா மாதிரி, ஆனால் சலங்கைத் தகடுகள் அதிகம். அதுவே பேரில் ஒட்டிக்கொண்டது: ஜாக்சன் தோ பன்தெய்ரோ. 1953-இல் 'செபஸ்தியானா' வந்தது. அவர் வார்த்தையைத் தாளத்தின் மேல் வைக்கமாட்டார். முன்னால் தள்ளுவார், பின்னால் இழுப்பார், விழப்போகிறார் என்று நாம் பயப்படும்போது சரியாக வந்து உட்காருவார். கொன்ஸாகாவா ஜாக்சனா என்று என்னைக் கேட்காதீர்கள். (ஜாக்சன்.)

பெண்களே இல்லையா இதில்?

இருக்கிறார்கள், பெயர்ப்பலகைதான் சின்னது. மரினேஸ், 'ஷஷாதுவின் ராணி'. ஷஷாது கொள்ளைக்காரர்களின் ஆட்டம். செருப்பு மண்ணில் உரசும் 'ஷ-ஷ' சத்தம்தான் பெயர். முதலில் ஆண்கள் மட்டும், துப்பாக்கியை ஜோடியாக வைத்துக்கொண்டு ஆடினார்கள் என்பது கதை. அதில் ஒரு பெண் தோல் தொப்பி போட்டு ராணியானாள். அனஸ்தாசியா, அவரும் தொமிங்கின்யுஸும் சேர்ந்து எழுதிய 'எவ் சோ கேரு உம் ஷொதோ' 1973-இல் ஜில்பெர்த்தோ ஜில் பாடி நாடு முழுக்கப் போனது. தொமிங்கின்யுஸ் எங்கள் கரன்யுன்ஸ்காரர், அதனால் அந்த ஊர்க் கடைகளில் அவர் பாட்டு ஓடாத நாள் இல்லை. அப்புறம் இத்தமராகா தீவின் லியா. வட்டமாகக் கைகோத்துக் கடல் அலை மாதிரி முன்னும் பின்னும் நகரும் சிராந்தா ஆட்டத்துக்கு அவர்தான் குரல். பள்ளிக்கூடத்தில் சமையல்காரராக வேலை பார்த்துக்கொண்டே பாடியவர்.

ஜூன் மாதத் திருவிழாவைப் பார்த்திருக்கிறீர்களா?

ஆறு தடவை. அந்தோணியார் 13, யோவான் 24, பேதுரு 29. நடுவில் வருகிற யோவான்தான் பெரிய ஆள். அங்கே சாவ் ஜுவாவ். வீட்டுக்கு வீடு முன்னால் நெருப்பு, எதைத் தின்றாலும் மக்காச்சோளம். கம்பினா கிராண்டேக்கும் கருவாருவுக்கும் யார் விழா பெரியது என்று போட்டி. கம்பினா கிராண்டே தன்னை 'உலகத்திலேயே பெரிய சாவ் ஜுவாவ்' என்கிறது. கருவாரு தன்னை 'ஃபொஹோவின் தலைநகர்' என்கிறது. எந்த ஊரில் நிற்கிறீர்களோ அந்த ஊர் சொல்வதற்குத் தலையாட்டுவது உடம்புக்கு நல்லது.

எனக்குப் பிடித்தது குவாத்ரில்யா. ஃபிரெஞ்சு அரசவை ஆட்டம். கோமாளிக் கல்யாணம் ஒன்றோடு கிராமத்தான் உடையில் ஆடுவார்கள். கட்டளைகள் இன்னும் ஃபிரெஞ்சிலேயே வருகின்றன, செர்த்தாவ் நாக்கில். 'எல்லோரும் முன்னே' என்பது 'அனவந்து', 'பின்னே' என்பது 'அனஹியே'. திடீரென்று ஆட்டம் நடத்துகிறவர் 'பாம்பு!' என்று கத்துவார். ஜோடிகள் அலறிக்கொண்டு திரும்பி ஓடும். 'பொய்!' என்பார். மறுபடி திரும்பும். நானூறு பேர் ஒரே நேரத்தில் இல்லாத பாம்புக்குப் பயப்படுவதைப் பார்க்கவேண்டும்.

ரெசிஃபே படங்களில் சின்னச் சின்னக் குடையோடு குதிக்கிறார்களே, அதுவும் ஃபொஹோவா?

அது ஃப்ரேவு, கார்னிவல் ஆட்டம். அக்கார்டியன் கிடையாது, எக்காளமும் சாக்ஸபோனும். 'கொதி' என்று பொருள்படும் அவர்கள் சொல்லிலிருந்து பெயர். 1907 பிப்ரவரி 9-ஆம் தேதி ரெசிஃபே செய்தித்தாள் ஒன்றில் முதல்முறை அச்சாயிற்று. 2012-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. ராணுவ பேண்டுகளுக்கு முன்னால் கப்போய்ரா சண்டைக்காரர்கள் குதித்துக்கொண்டு போவார்கள். கையில் தடியோ பழைய குடையோ இருக்கும், எதிர்க்கோஷ்டி வந்தால் உதவும். அந்தக் குடைதான் சுருங்கிக் கலர் கலராகிவிட்டது. அடவுகளின் பெயரைக் கேட்டதும் எனக்கு வீட்டுக்கு வந்த மாதிரி இருந்தது: கத்தரிக்கோல், திருகாணி, கீல், தாழ்ப்பாள், ரயில் இன்ஜின். திருகாணி அடவைப் போட்டுப் பார்த்தேன். பத்து நாள் விடுப்பு.

அமேசான் பக்கம் ஒன்றும் இல்லையா?

பாரா மாநிலத்தில் கரிம்போ இருக்கிறது. குடைந்த மரத்தில் தோல் கட்டிய முரசு. படுக்கவைத்து, அதன்மேலேயே உட்கார்ந்து வாசிப்பார்கள். பெண்கள் அகலப் பாவாடையைச் சுழற்றுவார்கள். 1880-இல் பெலெம் நகரச் சட்டம் இந்த முரசைத் தடைசெய்தது; 2014-இல் தேசமே பாரம்பரியம் என்று அறிவித்தது. தோனா ஒனேத்தி பாடியதைக் கேளுங்கள். வரலாற்று ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்று, எழுபது தாண்டிய பிறகு முதல் ஆல்பம் போட்டவர்.

கீபோர்டும் நடனக்குழுவும் வைத்த நவீன ஃபொஹோ உங்களுக்குப் பிடிக்குமா?

1990-களில் ஃபோர்த்தலேசா பக்கம் கிளம்பிய எலெக்ட்ரானிக் ஃபொஹோவைச் சொல்கிறீர்கள். பிடிக்காது. என் பட்டறைப் பையன்கள் அத்தனை பேருக்கும் பிடிக்கும், அவர்கள் என்னைவிட நன்றாக ஆடுவார்கள். அதனால் வாயை மூடிக்கொள்கிறேன்.

புதிதாகக் கேட்க எங்கே தொடங்குவது?

கொன்ஸாகாவின் 1940, 50-களின் பழைய பதிவுகள். கரகரப்பு இருக்கும், அதைச் சுத்தப்படுத்தாத பதிப்பாகத் தேடுங்கள். அடுத்து ஜாக்சன். அதற்கு மேல் வழி நீங்களே கண்டுபிடித்துவிடுவீர்கள். போன் ஸ்பீக்கரில் மட்டும் கேட்காதீர்கள். முரசு காணாமல் போய்விடும், மிஞ்சுவது முக்கோணம்தான், 'என்னய்யா தகரச் சத்தம்' என்று எனக்கே கடிதம் போடுவீர்கள்.

நீங்கள் ஏதாவது வாசிப்பீர்களா?

80 பாஸ் அக்கார்டியன் ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். நான்கு மாதத்தில் ஒரு ஷோத்தி பாதி வந்தது. செர்த்தாவில் ஒரு காற்றாலைக்குப் போகும்போது சாயங்காலம் பழகலாம் என்று காரில் போட்டுக்கொண்டு போனேன். காரை வெயிலில் நிறுத்திவிட்டுக் கோபுரத்தில் ஏறிவிட்டேன். இறங்கி வந்து துருத்தியை இழுத்தால் ஆஸ்துமாக்காரர் மாதிரி மூச்சு மட்டும் வருகிறது, சுரம் வரவில்லை. உள்ளே ரீடுகளைத் தேன்மெழுகால்தான் ஒட்டியிருப்பார்கள் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. கியர்பாக்ஸில் எந்த எண்ணெய் எத்தனை டிகிரி தாங்கும் என்று மனப்பாடமாகச் சொல்கிறவன் நான்.

பழுது பார்க்கும் பெரியவர் மூடியைத் திறந்தார். ரீடுகள் அடியில் சில்லறைக் காசு மாதிரி கிடந்தன. ஒவ்வொன்றாகப் பொறுக்கி, துடைத்து, மேஜையில் வரிசையாக அடுக்கினார். பேசவே இல்லை. கடைசியில் அலமாரியிலிருந்து கட்டடக் கம்பியை வளைத்துச் செய்த முக்கோணம் ஒன்றை எடுத்து என் கையில் கொடுத்தார். 'இது உருகாது' என்றார்.

அதைத்தான் வாசிக்கிறேன்.